பற்றும் வரவும்

கப்பலில் ஏறிய முதல் மாலையில் எங்கள் அப்பா ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

பேரப்பிள்ளைகள் இருவருக்கும் எலுமிச்சைச் சாறும் தமக்கு ஒரு காப்பியும் கேட்டிருந்தார். பரிமாறிய இளைஞர் மிகுந்த பணிவோடு, "காசு வாங்க மாட்டோம் ஐயா, அட்டை மட்டும்தான்" என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். பேத்தி அதைத் தமிழாக்கிச் சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய தன் அட்டையை எடுத்து நீட்டினாள். சிறு ஒலி ஒன்று எழுந்தது, கணக்கு முடிந்தது. அப்பா அந்தத் தாளை நான்காக மடித்து, இடுப்பில் கட்டியிருந்த பச்சை பெல்ட்டின் பைக்குள் மீண்டும் வைத்துக்கொண்டார். காப்பி ஆறிப்போயிற்று. அவர் அதைத் தொடவில்லை என்பதை நாங்கள் மறுநாள்தான் அறிந்தோம்.

அந்தப் பயணம் தம்பியின் ஏற்பாடு. பாகூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றைப் போலவே எங்கள் குடும்பத்திலும் ஒருவன் பிரான்சில் இருக்கிறான். சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணத்துக்கு அங்கிருந்தே பணம் கட்டி, "அப்பாவை ஒருமுறை கடலுக்குள் அழைத்துப் போங்கள்" என்றான். சொகுசுக் கப்பல் என்ற சொல் எங்கள் ஊர்களில் அதற்கு முன்பே பழகியிருந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து தொடங்கிய கப்பல் ஒன்று புதுச்சேரிக் கடல்வரை வந்தும், சூதாட்டம் குறித்த எதிர்ப்புகளுக்கிடையே அனுமதி கிடைக்காமல் திரும்பியது. பிறகு 2025 ஜூலையில் கப்பல் வந்தபோது பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வந்தார்கள். தேநீர்க்கடைப் பேச்சில் அப்பா இரண்டையும் கேட்டிருந்தார். "உள்ளே என்னதான் இருக்கு பார்க்கலாம்" என்று அவரும் இசைந்தார். புறப்படும் முன் நெல் விற்ற பணத்தில் ஏழாயிரம் ரூபாய் எடுத்துத் தனியே வைத்துக்கொண்டார். "சீட்டு சின்னவன் எடுத்தான். சாப்பாடு கப்பல்காரன் போடுறான். புள்ளைங்களுக்கு வாங்கித் தர்றது நானா இருக்கட்டும்" என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். அதைக் கொடுக்க முடியாத இடத்துக்கு அவரை அழைத்துப் போயிருக்கிறோம் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

கப்பலில் பணம் எப்படி நடமாடுகிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. ஏறும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தருகிறார்கள். அறைக்கு அதுவே சாவி. இறங்கி ஏறும்போது அதுவே அடையாளச் சீட்டு. கடைகளில் அதுவே பணப்பை. சீட்டுக்கட்டணத்தில் சாப்பாடு அடங்கும். குளிர்பானம், தனிக்கடைக் காப்பி, சலவை, இணையம், படம்பிடிப்போர் எடுக்கும் புகைப்படங்கள் முதலியவை பெரும்பாலும் அடங்குவதில்லை. இவை அனைத்தும் அறையின் பெயரில் ஒரு கணக்கில் எழுதப்பட்டு, கடைசி இரவில் தொகையிடப்படும். அந்தக் கணக்குக்குப் பிணையாக இரண்டில் ஒன்றைக் கொடுக்கலாம்: ஒன்று நம் கிரெடிட் கார்டு, மற்றொன்று ரொக்க வைப்பு. கிரெடிட் கார்டு கொடுத்தால் வங்கியிடம் கேட்டு ஒரு தொகையைப் பிடித்துவைக்கிறார்கள். செலவு ஏற ஏற, பிடித்துவைக்கும் தொகையும் ஏறலாம். ரொக்கம் கொடுத்தால் அது தீரும்வரை அட்டை வேலை செய்யும்; மிச்சம் இறங்கும்போது கைக்கு வரும்.

இதில் சூழ்ச்சி மட்டுமே இருப்பதாகச் சொல்வது நியாயமாகாது. துறைமுகம்தோறும் நாணயம் மாறும் கப்பலில் இருபது கடைகளில் இருபது கல்லாப்பெட்டிகளை வைத்துச் சில்லறை எண்ணுவது பெருந்தொல்லை. நடுக்கடலில் ஒவ்வொரு காப்பிக்கும் கரையிலுள்ள வங்கியைக் கேட்டுக்கொண்டிருக்கவும் இயலாது. ஆனால் மறுபக்கமும் உண்டு. 1950இல் ஜெரார்ட் பிளிட்ஸ் என்பவர் தொடங்கிய 'கிளப் மெடிதெரானே' விடுமுறைக் குடில்களில் பணத்துக்குப் பதிலாகப் பாசிமணிகளைக் கொடுத்துக் குடிக்க வாங்கினார்கள். கழுத்தில் மணிமாலையாகக் கிடப்பது செலவாக யாருக்கும் தோன்றாது. 2001இல் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்னும் இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விளையாட்டுப் போட்டிக்கான சீட்டுகளுக்கு மாணவர்களை ஏலம் கேட்கச் செய்தபோது, ரொக்கமாகக் கொடுக்க வேண்டியவர்களைவிட அட்டையில் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் மிக உயர்ந்த விலை கேட்டார்கள். இரு மடங்குவரை கூடக் கேட்டார்கள். கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரியாதபோது மனம் தாராளமாகிவிடுகிறது.

நாங்களும் அந்த மனத்தோடுதான் ஏறினோம். ஐவரின் அட்டைகளையும் எங்கள் கிரெடிட் கார்டு ஒன்றோடு இணைத்துவிட்டோம். வரிசையில் நின்ற அலுப்பில் இரண்டு நிமிட வேலை. அப்பாவைக் கேட்கவேயில்லை. கேட்க வேண்டும் என்ற நினைவே வரவில்லை என்பதுதான் உண்மை.

மறுநாள் முழுவதும் கடற்பயணம். பகல் உணவின்போது பேத்திதான் சொன்னாள்: "தாத்தா நேத்துல இருந்து தண்ணி மட்டும்தான் குடிக்கிறாங்க. காப்பி கேட்டா வேணாங்கறாங்க." உணவுக்கூடத்தில் விலையின்றிக் கிடைத்த தேநீரைக்கூட அவர் எடுக்கவில்லை. எது கணக்கில் ஏறும், எது ஏறாது என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சம். ஒரு நாளைக்கு ஆறு முறை தேநீர் குடிக்கும் மனிதர் அவர்.

மாலையில் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது மெல்லப் பேச்சைத் தொடங்கினோம். "எல்லாம் நம்ம காசுதானே அப்பா, கணக்கில் எழுதினால் என்ன?" என்றோம். அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "கணக்குல எழுதறதுன்னா என்னான்னு உங்களுக்குத் தெரியாது."

அவர் சொன்ன கதையை முன்பு நாங்கள் கேட்டதில்லை. தாத்தா குத்தகைப் பயிர் செய்தவர். விதைநெல்லும், கார்த்திகை மார்கழிக்குச் சாப்பாட்டு நெல்லும், மளிகையும் ஊரிலிருந்த ஒரே கடையில்தான். கடைக்காரரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. பற்று வரவு நோட்டு. வாங்கும்போதெல்லாம் "கணக்குல எழுதிக்குங்க" என்பார் தாத்தா, அவருக்குக் கைநாட்டுத்தான். அறுவடை முடிந்ததும் நோட்டு திறக்கும். நெல் களத்திலிருந்து நேரே கடைக்குப் போகும். அப்படியும் கணக்கு நேராகாது. அப்பாவுக்குப் பத்து வயதிருக்கும்போது, பள்ளியில் கூட்டல் படித்த துணிவில், தாத்தாவோடு போய் அந்த நோட்டைப் படித்துப் பார்த்திருக்கிறார். வாங்காத எண்ணெய்க்கு இரண்டு வரி. பாட்டி இறந்து கிடந்த நாளில், வீட்டில் அடுப்பே மூட்டாத நாளில், வெல்லமும் பருப்பும் வாங்கியதாக ஒரு வரி. "அதைக் காட்டினேன். அப்பா என் வாயைப் பொத்தி இழுத்துக்கிட்டு வந்துட்டார். அடுத்த மாசம் அரிசிக்கு அங்கதானே போவணும்? எழுதறவனும் அவன், படிக்கிறவனும் அவன். அன்னைக்கு முடிவு பண்ணேன், கையில காசு இருந்தா வாங்கறது, இல்லன்னா இல்லை."

எங்களுக்குப் பேச வாயில்லை. கடன் வாங்காதவர், சிக்கனக்காரர், சற்றுப் பிடிவாதக்காரர் என்று நாற்பது ஆண்டுகளாக அவரை நாங்கள் வகைப்படுத்தி வைத்திருந்தோம். கையில் எண்ணிக் கொடுத்தால்தான் வாங்கியதும் கொடுத்ததும் சமமாயிற்று என்பதற்கு அவரிடம் சாட்சி இருந்தது. அந்த நிமிடத்தோடு உறவு தீர்ந்தது. பின்னால் யாரும் ஒரு வரி சேர்க்க முடியாது.

தமிழ் படித்தவர்களாகிய எங்களுக்கு அந்த இரவில் தூக்கம் வராததற்கு வேறொரு காரணமும் உண்டு. மலையகத் தமிழர் வரலாற்றை வகுப்பில் சொல்லும்போது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த 'தகர டிக்கெட்' முறையைக் குறிப்பிடுவோம். இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளியிடம் எண் பொறித்த தகரவில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. தோட்டத்தின் எண் அதில் இருக்கும். அதைக் காட்டினால் ரயிலில் ஏறலாம், கடல் கடக்கலாம், வழியில் சோறும் கிடைக்கும். கையில் ஒரு காசும் வேண்டியதில்லை. செலவு தோட்டத்தின் பெயரில் எழுதப்பட்டு, கங்காணியின் கணக்கு வழியாகத் தொழிலாளியின் தலையில் கடனாக இறங்கியது. தோட்டத்தை விட்டு நீங்க வேண்டுமானால் 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். அவன் பெயரிலிருந்த கடன் தொகை அதில் எழுதப்பட்டிருக்கும். அதைப் புதிய தோட்டம் கட்டினால்தான் விடுதலை. துண்டு முறையை ஒழிக்க 1921இல் சட்டம் வர வேண்டியிருந்தது. எங்கள் பிரெஞ்சிந்தியாவிலிருந்தும் 1853இல் மர்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு 'ஒரேலி' என்ற கப்பல் போயிற்று.

மூன்று இரவு உல்லாசத்தையும் அந்தப் பயணங்களையும் ஒன்றென்று சொல்லும் அறிவீனம் எங்களுக்கில்லை. இங்கே நாம் விரும்பி ஏறுகிறோம், விரும்பியபோது இறங்குகிறோம். ஆயினும் கழுத்தில் தொங்கும் எண்ணிட்ட வில்லையும், சுமப்பவர் காணாத இடத்தில் வளரும் தொகையும் இரண்டிலும் உண்டு. வகுப்பில் அதைப் பாடமாகச் சொன்ன நாங்கள், எங்கள் அப்பாவின் கழுத்தில் அட்டையை மாட்டும்போது ஒரு கணமும் அதை நினைக்கவில்லை.

நாணயத்துக்கு வேறு வகையான வரலாறும் எங்கள் மண்ணில் இருந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் வெளியிட்ட செப்புத் துட்டின் ஒருபுறம் அவர்களுடைய அல்லிப்பூ முத்திரை இருக்கும். மறுபுறம் 'புதுச்சேரி' என்று தமிழில் பொறித்திருக்கும். வெள்ளைக்காரர் ஆண்டபோதும் கைக்கு வந்த காசில் தன் எழுத்தைப் பார்த்தான் எங்கள் ஊரான். 'பணம்' என்ற நம் சொல்லையே அவர்கள் 'பனோன்' என்று வழங்கினார்கள். ஆங்கிலத்தில் நம் பக்கத்துச் சிறு நாணயத்தைக் குறித்த 'கேஷ்' என்ற சொல், 'காசு' போர்ச்சுக்கீசியர் நாவில் ஏறி உருமாறியது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. அது பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் ஒலியில் மட்டுமே ஒன்று. ஒன்று கையிலிருப்பது, மற்றொன்று பெட்டியிலிருப்பது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

கணக்கு எழுதுவதும் தீமையன்று. பாகூர்ச் செப்பேட்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களெங்கும், இன்னார் இத்தனை கழஞ்சு பொன் வைத்தார், அதன் வட்டியில் இத்தனை விளக்கு எரிய வேண்டும் என்று பொறித்திருக்கிறார்கள். அதுவும் வைப்பும் பற்றும்தான். ஆனால் அது ஊரார் போகும் வழியில், ஊரார் மொழியில், யாரும் ஒரு வரி கூட்டவோ குறைக்கவோ முடியாதபடி கல்லில் இருந்தது. தாத்தாவின் கணக்கு நோட்டிலிருந்தது. நோட்டு கடைக்காரரின் கைப்பெட்டியிலிருந்தது.

இரண்டாம் நாள் இரவே அப்பாவை அழைத்துக்கொண்டு கப்பலின் வரவேற்பு மேசைக்குப் போனோம். அவருடைய அட்டையை எங்கள் கிரெடிட் கார்டிலிருந்து பிரித்து, தனிக் கணக்காக்கி, ரொக்க வைப்பில் போடச் சொன்னோம். மேசையிலிருந்த பெண்மணி, "தேவையே இல்லையே, இணைப்பு இருக்கிறதே" என்று முதலில் வியந்தார், பிறகு செய்துகொடுத்தார். அப்பா ஐயாயிரம் ரூபாயை மேசைமேல் எண்ணி வைத்தார். அச்சிட்ட ரசீது வந்தது. தொகையைப் படித்துப் பார்த்து, மடித்து, பச்சை பெல்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "தினம் ராத்திரி வந்தா என்னா செலவுன்னு காகிதத்துல அடிச்சித் தருவாங்களா?" தருவோம் என்றார்கள்.

எங்களுக்கு ஊர் நினைவு வந்தது. 2015இல் புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக்கணக்கில் பணம் போடும் முறை வந்தபோது, பணம் வந்ததாகக் கைப்பேசியில் செய்தி வந்தாலும் அப்பா நம்பமாட்டார். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் அந்த ஒரு வரியை அச்சடித்து வாங்கினால்தான் வரவு. ரொக்கமும் அவரை ஒருமுறை கைவிட்டிருக்கிறது. 2016 நவம்பர் 8ஆம் தேதிக்குப் பிறகு, எண்ணி வைத்திருந்த தாள்களை மாற்ற வில்லியனூரில் இரண்டு நாள் வரிசையில் நின்றார். ஆகையால் தாளின்மேல் அவருக்குக் குருட்டுப் பக்தி என்று சொல்ல முடியாது. தாம் படிக்கக்கூடிய கணக்கு என்றால் அவருக்கு எதுவும் சம்மதம்தான். நாங்கள் அவர் கையில் கொடுத்தது அவர் படிக்க முடியாத கணக்கு.

மூன்றாம் நாள் வேறு மனிதர் போலிருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், எங்களுக்குக் காப்பி, பக்கத்து மேசையிலிருந்த திருநெல்வேலிப் பெரியவருக்கும் ஒரு தேநீர். ஒவ்வொரு முறையும் தம் அட்டையைத் தாமே நீட்டினார். குடும்பத்தோடு எடுத்த ஒரு புகைப்படத்தையும் வாங்கினார். விலையைக் கேட்டு நாங்கள் தயங்க, "ஏங்கணக்கு" என்றார்.

கடைசி இரவில் பட்டியல் வந்தது. 2,870 ரூபாய். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு எங்களைப் பார்த்து, "அந்தத் திருநெல்வேலிக்காரருக்கு வாங்கிக் கொடுத்த டீ இதுல இல்லையே" என்றார். எண்ணிப் பார்த்தோம், உண்மைதான். 140 ரூபாய்த் தேநீர் ஒன்று விடுபட்டிருந்தது. மேசைக்குப் போய்ச் சொன்னபோது, "பரவாயில்லை, விட்டுவிடுங்கள்" என்றார் அந்தப் பெண்மணி. அப்பா விடவில்லை. "குடிச்சது எழுதணும். குடிக்காதது எழுதக்கூடாது. அவ்வளவுதான்." அதை மொழிபெயர்த்துச் சொன்னோம். அவர் சற்று நேரம் அப்பாவைப் பார்த்துவிட்டு, அந்த வரியைச் சேர்த்தார். 3,010 ஆயிற்று. மறுநாள் காலை 1,990 ரூபாய் எண்ணிக் கொடுத்தார்கள். அப்பாவும் ஒருமுறை எண்ணினார். அதிலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து, அறையைத் துப்புரவு செய்த இளைஞரின் கையில் வைத்தார். கப்பலில் ரொக்கத்துக்கு மிஞ்சியிருக்கும் சில இடங்களுள் அதுவும் ஒன்று.

எங்கள் கிரெடிட் கார்டில் பிடித்துவைத்த தொகை விடுபட மேலும் ஒரு வாரம் ஆயிற்று. போகவிருக்கும் நண்பர்களுக்கு அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி வைக்கிறோம். பிணையாக டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். பிடித்துவைப்பது உங்கள் சேமிப்பிலுள்ள பணமாகவே இருக்கும். பிள்ளைகளின் அட்டையில் செலவுக்கு வரம்பு வைக்க முடியுமா என்று கேளுங்கள். பட்டியலைக் கடைசி இரவுவரை தள்ளிப்போடாமல் அன்றன்றே பாருங்கள். கடைசிக் காலையில் வரிசை நீளம். வெளிநாடு செல்லும் கப்பலானால், 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதியின்படி புதிய அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும் என்பதை நினைவில் வைத்து, முன்கூட்டியே வங்கியில் மாற்றிக்கொள்ளுங்கள். அயல்நாட்டுக் கடையில் "ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் மாற்று விகிதத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள், அந்த வசதிக்குப் பெரும்பாலும் தனி விலை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, முதியவர் யாரையேனும் அழைத்துப் போவதானால், அவருடைய கணக்கை யார் பெயரில் வைப்பது என்று அவரிடமே கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

'பற்று' என்ற சொல்லுக்கு நம் மொழியில் கடன் என்றும் பொருள், அன்பு என்றும் பொருள். கணக்குப்பிள்ளைகள் ஒன்றையும் துறவிகள் மற்றொன்றையும் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு இரண்டையும் கலக்கத் தெரியாது. பிள்ளைகள்மேல் பற்று இருந்தால் கையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கடைக்காரனிடம் பற்று இருக்கக்கூடாது.

அந்தப் புகைப்படம் பாகூர் வீட்டின் கூடத்தில், தாத்தாவின் படத்துக்கு அருகில் தொங்குகிறது. பின்புறத்தில், சட்டத்துக்கும் அட்டைக்கும் நடுவே, கப்பலில் கொடுத்த பட்டியலை மடித்துச் செருகி வைத்திருக்கிறார் அப்பா.